ரோஜாக் கிண்ணத்தில் யாருக்கு இடம்?

‘சூப்பர் பவுல்’ என்ற பெயரைக் கேட்டிராத இளையர் இன்று குறைவு. ஆட்டம் புரிகிறதோ இல்லையோ, இடைவேளையில் இந்த ஆண்டு யார் பாடுகிறார் என்பதாவது சமூக ஊடகம் வழி நம்மை வந்து சேர்ந்துவிடும். ஆனால், ஒரு பந்தாட்டத்தின் பெயரில் ‘கிண்ணம்’ எப்படி வந்தது? அது வெற்றிக் கிண்ணம் இல்லை. ஒரு விளையாட்டரங்கத்தின் வடிவம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் 1914ல் தரையைத் தோண்டிக் கிண்ணம்போல் ஓர் அரங்கம் கட்டி, அதற்கு ‘யேல் பவுல்’ என்று பெயரிட்டது. கலிஃபோர்னியாவில் உள்ள பாசடீனா நகரம் அதை மாதிரியாக வைத்து 1922ல் தனக்கென ஒன்றைக் கட்டிக்கொண்டது. அந்த ஊர் அதற்கு முன்பே புத்தாண்டு ரோஜா ஊர்வலத்துக்குப் பெயர்பெற்றது. ஆகவே, புதிய அரங்கம் ‘ரோஸ் பவுல்’ ஆனது. அங்கு நடந்த ஆட்டத்துக்கும் அதுவே பெயரானது. பிற ஊர்கள் அதைப் பார்த்து ஆரஞ்ச் பவுல், சுகர் பவுல், காட்டன் பவுல் என்று தத்தம் வட்டாரத்தில் விளைவதன் பெயரை வைத்துத் தொடங்கின. நிபுணத்துவ லீக்கின் ‘சூப்பர் பவுல்’ எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்த பேரப்பிள்ளை. ரோஸ் பவுலை அமெரிக்க வருணனையாளர்கள் எல்லா பவுல்களுக்கும் தாத்தா என்று அழைப்பதில் தவறே இல்லை.

நம் ஊர்க் காற்பந்து ரசிகர்களுக்கு அந்த அரங்கம் வேறு காரணத்துக்காக நினைவிருக்கலாம். 1994 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் இத்தாலியின் ரொபெர்ட்டோ பாஜியோ பெனால்டியைக் கம்பத்துக்கு மேலே உதைத்து, பிரேசிலிடம் கிண்ணத்தைப் பறிகொடுத்தது அங்குதான். நம் பெற்றோர் பலர் விடியும் முன்பே கண் விழித்துப் பார்த்த ஆட்டம் அது.

ஆனால் ரோஸ் பவுலின் சொந்தக் கதை மாணவர்களுடையது. ஜனவரி 1ஆம் தேதி பிற்பகலில், சிங்கப்பூர் நேரப்படி 2ஆம் தேதி காலையில், இரண்டு பல்கலைக்கழக அணிகள் அங்கு அமெரிக்கக் காற்பந்து ஆடும். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். ஆடுவோருக்குப் பெரும்பாலும் 18 முதல் 23 வயது. 1973ல் அதைப் பார்க்க அரங்கில் கூடியவர்கள் 106,869 பேர். நம் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான ஆட்டத்துக்கு அந்தக் கூட்டத்தில் நூறில் ஒரு பங்கு வந்தால்கூட ஏற்பாட்டுக் குழுவினர் விருந்து வைத்துவிடுவார்கள்.

கடந்த சில ஆண்டுகளாக அமெரிக்காவில் ஒரு புலம்பல் உரக்கக் கேட்கிறது. ஒளிபரப்புப் பணம் வந்தது, ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் வந்தது, ரோஸ் பவுலின் நூறாண்டு மரபு செத்தது என்பது அதன் சாரம். அதில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது. எந்தப் பாதி என்று சொல்ல, கதையைத் தொடக்கத்திலிருந்து பார்க்கவேண்டும்.

பாசடீனா 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், கிழக்குக் கரையின் பனிக்குத் தப்பி வரும் செல்வந்தர்களின் குளிர்கால ஓய்வூர். ஜனவரியில் அங்கு ரோஜா பூக்கும், ஆரஞ்சு காய்க்கும். இதை ஊரறியச் செய்யவேண்டும் என்று ‘வேலி ஹண்ட் கிளப்’ என்ற உள்ளூர் மன்றம் 1890 புத்தாண்டு நாளில் பூ அலங்கரித்த குதிரை வண்டிகளின் ஊர்வலத்தை நடத்தியது. ஓட்டப்பந்தயம், கயிறிழுப்பு போன்ற போட்டிகள் அதற்குத் துணை. சுருக்கமாகச் சொன்னால், அது ஒரு சுற்றுப்பயண விளம்பரம். கூட்டத்தை இன்னும் பெருக்க 1902ல் காற்பந்தைச் சேர்த்தார்கள். கிழக்கிலிருந்து மிச்சிகன், மேற்கிலிருந்து ஸ்டான்ஃபர்ட்.

அந்த முதல் ஆட்டம் ஒரு படுகொலை. மிச்சிகன் அந்தப் பருவத்தில் எதிரணிகள் எவற்றுக்கும் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காத அணி. ஸ்டான்ஃபர்டையும் 49-0 என்று நசுக்கியது. இன்னும் எட்டு நிமிடம் மீதமிருந்தபோது ஸ்டான்ஃபர்ட், போதும் நிறுத்திக்கொள்வோம் என்று கேட்டுக்கொண்டது. மிச்சிகனின் பயிற்றுவிப்பாளர் ஃபீல்டிங் யோஸ்ட் அதற்கு ஓராண்டுக்கு முன்புவரை ஸ்டான்ஃபர்டில் வேலை பார்த்தவர் என்பது இன்னும் வலித்திருக்கும்.

இப்படி ஒருதலையாக முடியும் ஆட்டத்தை அடுத்த ஆண்டு யார் பார்க்க வருவார்கள்? ஏற்பாட்டாளர்கள் காற்பந்தைத் தூக்கிப்போட்டார்கள். 1903ல் போலோ. 1904 முதல் 1915 வரை ரோமானிய பாணி ரதப் போட்டி! நெருப்புக்கோழிப் பந்தயமும் நடந்தது. ஓர் யானைக்கும் ஒட்டகத்துக்கும் ஓட்டப்பந்தயம் வைத்த ஆண்டும் உண்டு. மரபு, மரபு என்று கண் கலங்குபவர்கள் இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கவேண்டும். கூட்டம் எதற்கு வருமோ அதை வைப்பதுதான் தொடக்கம் முதலே இவர்களின் மரபு. ரதப் போட்டி ஆபத்தாகவும் செலவாகவும் மாறிய பிறகு, 1916ல் காற்பந்தைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அன்று மழையில் சேறான மைதானத்தில் வாஷிங்டன் மாநிலக் கல்லூரி, பிரவுன் பல்கலைக்கழகத்தை 14-0 என்று வென்றது. அதற்குப் பிறகு ஆட்டம் ஓர் ஆண்டுகூட விடுபடவில்லை. இந்த வாஷிங்டன் மாநிலக் கல்லூரியின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும், பின்னால் தேவைப்படும்.

தோற்ற பிரவுன் அணியில் ஃபிரிட்ஸ் பொலார்ட் என்பவர் ஆடினார். ரோஸ் பவுலில் ஆடிய முதல் கறுப்பின ஆட்டக்காரர். பின்னாளில் நிபுணத்துவ லீக்கின் முதல் கறுப்பினப் பயிற்றுவிப்பாளரும் ஆனார். அவர் வந்து பத்தாண்டு கழித்து, 1926ல், தென்மாநிலங்களிலிருந்து முதன்முறையாக அழைக்கப்பட்ட அலபாமா, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை 20-19 என்று வென்றது. தென்மாநிலங்களுக்குப் பெருமை தேடித்தந்த ஆட்டம் என்று இன்றும் எழுதுகிறார்கள். யாருடைய பெருமை என்று கேட்கவேண்டியிருக்கிறது. அலபாமா பல்கலைக்கழகத்தின் கதவு கறுப்பின மாணவர்களுக்கு நிலையாகத் திறந்தது 1963ல்தான். பொலார்ட் போன்ற ஒருவர் அந்த வெற்றியைப் படித்திருக்கலாம், அந்த அணியில் இருந்திருக்க முடியாது.

1929 ஆட்டத்தைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதாமல் யாரும் ரோஸ் பவுலைக் கடந்துபோவதில்லை. கலிஃபோர்னியா அணியின் ராய் ரீகல்ஸ், எதிரணியான ஜார்ஜியா டெக் நழுவவிட்ட பந்தை எடுத்துக்கொண்டு ஓடத் தொடங்கினார். தப்பான திசையில். அறுபது யார்டுக்கு மேல் தன் எல்லைக்கோட்டை நோக்கியே ஓடியவரை, சக ஆட்டக்காரர் பென்னி லோம் துரத்திக்கொண்டே வந்து கோட்டுக்கு முன்னால் பிடித்து நிறுத்தினார். அதன் விளைவாகப் போன இரண்டு புள்ளிதான் தோல்விக்கே காரணம்: 8-7. இடைவேளையில் உடைந்துபோயிருந்த ரீகல்ஸ், இரண்டாம் பாதியில் திரும்ப வந்து நன்றாகவே ஆடினார். அதை யாரும் பேசுவதில்லை. ஆயுள் முழுதும் அவர் ‘தப்புத்திசை ரீகல்ஸ்’. கைப்பேசிக் காணொளி இல்லாத காலத்திலேயே இந்தக் கதி. ஊதியமில்லாமல் ஆடிய ஒரு மாணவர், ஒரு நிமிடத்துக்கும் குறைவான ஒரு தவற்றுக்குக் கொடுத்த விலை அது.

1942 ஆட்டம் பாசடீனாவில் நடக்கவே இல்லை. 1941 டிசம்பர் 7ஆம் தேதி ஜப்பான் பெர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. மேற்குக் கரையில் பெருங்கூட்டம் கூடினால் ஆபத்து என்று ராணுவம் தடுத்தது. எதிரணியாக அழைக்கப்பட்டிருந்த டியூக் பல்கலைக்கழகம், ஆட்டத்தை எங்கள் ஊரில் வைத்துக்கொள்ளலாம் என்று முன்வந்தது. அப்படியாகக் கண்டத்தின் மறு கோடியில், வட கேரலைனாவின் டர்ஹம் நகரில், அக்கம்பக்கத்துப் பல்கலைக்கழகங்களிடம் இரவல் வாங்கிய இருக்கைகளோடு ஏறத்தாழ 56,000 பேர் முன்னிலையில் மழையில் நடந்தது. டியூக்தான் வெல்லும் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஒரிகன் மாநிலக் கல்லூரி 20-16 என்று வென்றது. இந்தப் பெயரும் பின்னால் வரும்.

வென்ற அணியில் ஒருவர் குறைந்தார். ஜாக் யோஷிஹாரா. ஜப்பானில் பிறந்து, சிறு குழந்தையாக அமெரிக்காவுக்கு வந்து, ஒரிகனில் வளர்ந்தவர். அணி ரயிலேறுவதற்கு முன்பு அரசாங்க அதிகாரிகள் பயிற்சி மைதானத்துக்கே வந்து அவரைத் தடுத்துவிட்டார்கள். சக ஆட்டக்காரர்கள் டர்ஹமுக்குப் போனார்கள். அவர் பிறகு ஐடஹோ மாநிலத்தின் மினிடோகா தடுப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டார். படிப்பு பாதியில் நின்றது. அவரைப் போலப் படிப்பை இழந்த ஜப்பானிய அமெரிக்க மாணவர்களுக்கு ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் வழங்கியது 2008ல். அறுபத்தாறு ஆண்டு தாமதம். நூலகத்தில் ரோஸ் பவுல் பற்றித் தேடியபோது, 1942 ஆட்டத்தின் புள்ளி விவரம் எல்லா இடத்திலும் கிடைத்தது. யோஷிஹாராவின் பெயர் சில இடங்களில்தான். நம் வட்டாரமும் அதே ஜப்பானிய ராணுவத்திடம் அதே மாதங்களில் அடிபட்டது என்பதால், நமக்கு அந்தக் காலத்தின் அச்சம் புரியும். ஆனால், மூன்று வயதில் வந்த ஒரு கல்லூரி மாணவரை எதிரியாக்கியது எந்த அச்சத்தாலும் நியாயமாகாது.

போர் முடிந்த பிறகுதான் இன்று பலர் ‘மரபு’ என்று சொல்லும் ஏற்பாடு வந்தது. 1946ல் மேற்குக் கரைப் பல்கலைக்கழகங்களின் லீக்கும், நடுமேற்கு மாநிலங்களின் ‘பிக் டென்’ லீக்கும் (அப்போது அதில் ஒன்பதுதான் இருந்தன) ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. இந்த லீக்கின் வெற்றியாளரும் அந்த லீக்கின் வெற்றியாளரும் புத்தாண்டு நாளில் பாசடீனாவில் மோதவேண்டும். 1947ல் இலினோய், லாஸ் ஏஞ்சலிஸின் யூசிஎல்ஏவை 45-14 என்று வென்றதில் தொடங்கி, சில இடைவெளிகளோடு, இந்த வழக்கம் இரண்டு தலைமுறைக்கு மேல் நீடித்தது. 1952ல் ஆட்டம் நாடு முழுதும் ஒளிபரப்பானது. உறைந்து கிடக்கும் ஒஹாயோவிலும் மிச்சிகனிலும் இருந்தவர்கள், வரவேற்பறையில் உட்கார்ந்தபடி, மலைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைப் பார்த்தார்கள். 1890ல் அந்த மன்றம் விரும்பிய விளம்பரம் இதைவிட வேறென்ன?

அந்தக் காலத்தில் நடந்த இரண்டு சம்பவங்கள் கல்விப் பக்கம் படிக்கும் நமக்குப் புள்ளிப்பட்டியலைவிடச் சுவையானவை.

ஒன்று, 1961 ஆட்டம். பாசடீனாவிலேயே இருக்கும் அறிவியல் பல்கலைக்கழகம் கால்டெக். 1902ல் முதல் ஆட்டம் நடந்த திடலே இன்று அதன் வளாகத்தோடு சேர்ந்தது. அந்நாளில் அதன் சொந்தக் காற்பந்து அணியும் ரோஸ் பவுல் அரங்கில் ஆடியது; பார்க்கத்தான் ஆளிருக்கவில்லை. புத்தாண்டு ஆட்டத்துக்கோ அதை யாரும் அழைக்கப்போவதில்லை. 1961ல் ஆடியவை வாஷிங்டனும் மினசோட்டாவும். வாஷிங்டன் ரசிகர்கள் இடைவேளையில் வண்ண அட்டைகளைத் தூக்கிப் படம் காட்டுவார்கள். நம் தேசிய தின அணிவகுப்பில் பார்த்துப் பழகியதுதான். கால்டெக் மாணவர்கள் பதினான்கு பேர், அந்த அட்டைக் குறிப்புகள் தயாராகும் முறையைத் தந்திரமாகக் கேட்டறிந்து, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குறிப்புத் தாள்களை ஒவ்வொன்றாக மாற்றி எழுதி வைத்துவிட்டார்கள். அன்று தொலைக்காட்சி முன்னால் இருந்த இலட்சக்கணக்கானோர் கண்முன், வாஷிங்டன் ரசிகர்கள் தங்கள் கையாலேயே ‘கால்டெக்’ என்று எழுதிக் காட்டினார்கள். ஒரு நொடி அரங்கமே அமைதியானது. அழைக்கப்படாத ஒரு பல்கலைக்கழகம் உள்ளே வர இதைவிட அழகான வழி இருந்திருக்க முடியாது. நூறாண்டு வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த நொடி இதுதான், அதில் பந்தே இல்லாவிட்டாலும்.

இரண்டாவது, அதே ஆண்டு இறுதியில். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக அணி பருவம் முழுதும் தோற்காமல் பிக் டென் லீக்கை வென்றது. ரோஸ் பவுல் அழைப்பு வந்தது. பேராசிரியர்கள் மன்றம் கூடி வாக்களித்தது. 28க்கு 25. போகவேண்டாம்! பல்கலைக்கழகம் காற்பந்துக்கு வாலாக மாறிவிடக்கூடாது என்பது மறுத்தவர்களின் கவலை. கொலம்பஸ் நகரத் தெருக்களில் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் இறங்கி ஆர்ப்பாட்டம் செய்தார்கள். முடிவு மாறவில்லை. அவர்களுக்குப் பதில் மினசோட்டா போய், யூசிஎல்ஏவை வென்று வந்தது.

இந்த வாக்கெடுப்பைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். இது புதிய கவலையும் அல்ல. பிக் டென் லீக் 1921 ஆட்டத்துக்குப் பிறகு கால் நூற்றாண்டு தன் அணிகளை எந்த பவுலுக்கும் அனுப்பாமல் இருந்தது. அந்த 28 பேரும் கேட்ட கேள்வி சரியானது: இந்த ஆட்டம் யாருக்காக? அவர்கள் எடுத்த முடிவோடுதான் எனக்கு உடன்பாடு இல்லை. பருவம் முழுதும் உழைத்த மாணவர்களிடம் மட்டும் ‘நீங்கள் போகவேண்டாம்’ என்று சொல்லி, நுழைவுச்சீட்டும் ஒளிபரப்பும் ஈட்டும் பணத்தைப் பற்றி ஒன்றும் செய்யாமல் விட்டது என்ன தீர்வு?

அதற்குப் பிந்திய அறுபது ஆண்டுகளைப் பணத்தின் வழியாகச் சொல்வது எளிது. எந்த ஆட்டத்தை யார் ஒளிபரப்புவது என்பதைத் தேசியச் சங்கமே கட்டுப்படுத்தி வந்தது. 1984ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டை உடைத்தது. லீக்குகள் தனித்தனியே பேரம் பேசத் தொடங்கின. 2022ல் பிக் டென் மட்டும் ஏழு ஆண்டுகளுக்கு 7 பில்லியன் டாலருக்கு மேற்பட்ட ஒளிபரப்பு ஒப்பந்தம் செய்தது. சில பயிற்றுவிப்பாளர்களின் ஆண்டுச் சம்பளம் 10 மில்லியன் டாலரைத் தாண்டியது. ஆடிய மாணவருக்கு? உபகாரச் சம்பளம், தங்குமிடம், சாப்பாடு. தன் சட்டை எண்ணைப் போட்டுக் கடையில் விற்கும் சட்டையில் ஒரு காசு கேட்டாலும் அவர் தடைசெய்யப்படுவார்.

2021ல் உச்ச நீதிமன்றம் தேசியச் சங்கத்துக்கு எதிராக ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூலை முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெற அனுமதி கிடைத்தது. 2025ல் ஒரு நீதிமன்ற உடன்பாட்டின்படி, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆண்டுக்கு ஏறத்தாழ 20.5 மில்லியன் டாலர்வரை தன் விளையாட்டாளர்களுக்கு நேரடியாகவே கொடுக்கலாம் என்றானது.

இதைத்தான் மரபின் சாவு என்கிறார்கள். நான் ஏற்க மறுக்கும் பாதி இது. சுற்றுப்பயண விளம்பரமாகப் பிறந்த ஆட்டம், ரதப் போட்டியை மாற்றாக வைத்த ஆட்டம், தொலைக்காட்சியால் வளர்ந்த ஆட்டம், ஆட்டக்காரருக்குக் காசு கிடைத்த அன்றுதான் திடீரென்று வணிகமானதா? ஹோட்டல்காரர், ஒளிபரப்பாளர், பயிற்றுவிப்பாளர் என்று எல்லாரும் சாப்பிட்ட பந்தியில் சமைத்தவருக்குக் கடைசியாக இலை போட்டிருக்கிறார்கள். பெரும்பங்கு காற்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும்தான் போகிறது, நீச்சல் போன்ற சிறிய விளையாட்டுகள் நெருக்கடிக்கு ஆளாகின்றன என்பது உண்மையான பிரச்சினை. அதற்குப் பங்கிடும் முறையைத் திருத்தவேண்டும். என் வயதுக்காரர் ஒருவர் முழங்கால் தசைநார் கிழியும் ஆபத்தோடு ஆடி ஈட்டித்தரும் பணத்தில் அவருக்குப் பங்கு கூடாது என்பது அதற்குப் பதிலாகாது.

ஆனால் மற்றப் பாதி இருக்கிறது. அங்கு நான் பழைமைவாதிகள் பக்கம்.

1946 ஒப்பந்தத்தின் அருமை பெரிய அணிகளுக்குத் தெரியாது. எப்படியும் அவை எங்கேயாவது அழைக்கப்படும். அது சிறிய ஊர்களுக்குத் திறந்த பாதை. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கும் புல்மன் நகரில் மாணவர்களையும் சேர்த்து ஏறத்தாழ 33,000 பேர். சுற்றிலும் கோதுமை வயல். 1931க்குப் பிறகு அவர்கள் ரோஸ் பவுலுக்குப் போனது 1998ல். 67 ஆண்டுக் காத்திருப்பு. அன்று மிச்சிகனிடம் 21-16 என்று தோற்றார்கள். ஆனால் போனார்கள், ஏனென்றால் விதி எளிமையானது: உன் லீக்கை வென்றால் உனக்கு இடம். தேர்வுக் குழு உன்னை விரும்பவேண்டியதில்லை, தொலைக்காட்சிக்கு உன் ஊரின் மக்கள்தொகை பிடிக்கவேண்டியதில்லை.

அந்தப் பாதை மூடப்பட்டது கொஞ்சம் கொஞ்சமாக. தேசிய வெற்றியாளரைத் தீர்மானிக்கும் புதிய முறை 1998ல் வந்தது. 2002ல் மயாமியும் நெப்ராஸ்காவும், இரு லீக்குகளுக்கும் சம்பந்தமில்லாத அணிகள், ரோஸ் பவுலில் ஆடின. 2006ல் டெக்சஸ், தெற்குக் கலிஃபோர்னியாவை 41-38 என்று கடைசி நொடிகளில் வென்ற ஆட்டம், இதுவரை நடந்தவற்றிலேயே ஆகச் சிறந்தது என்று பலர் சொல்வார்கள். எனவே மாற்றம் எல்லாமே கெடுதல் என்று நான் வாதிட மாட்டேன். 2021 ஆட்டம் கொவிட்-19 காரணமாக டெக்சசுக்கு இடம் மாறியது.

பெரிய அடி 2022ல். தெற்குக் கலிஃபோர்னியாவும் யூசிஎல்ஏவும் பிக் டென் லீக்குக்கு மாறப்போவதாக அறிவித்தன. அடுத்த ஆண்டு ஒரிகனும் வாஷிங்டனும் பின்தொடர்ந்தன. வேறு நான்கு பல்கலைக்கழகங்கள் இன்னொரு லீக்குக்குப் போயின. பசிபிக் கடலோரத்தில் இருக்கும் ஸ்டான்ஃபர்டும் கலிஃபோர்னியாவும் அட்லாண்டிக் கடலோர லீக்கில் சேர்ந்துகொண்டன. புவியியல் ஆசிரியர்கள் மன்னிக்கவேண்டும். இப்போது லாஸ் ஏஞ்சலிஸ் அணி லீக் ஆட்டத்துக்கு நியூ ஜெர்சிவரை போகவேண்டும். ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர், சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குப் போவதைவிட அதிகம். காற்பந்து அணி பருவத்துக்குச் சில முறை போய்வரும், தனி விமானத்தில். கைப்பந்து, மென்பந்து ஆடும் மாணவிகளும் அதே லீக்கில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கும் தேர்வு இருக்கிறது, ஒப்படைப்பு இருக்கிறது. 1961ல் வாக்களித்த பேராசிரியர்கள் இன்று இருந்தால் என்ன சொல்வார்களோ.

2025 ஜனவரியில் ரோஸ் பவுலில் மோதியவை ஒஹாயோ மாநிலமும் ஒரிகனும். பழைய பாணியில் கிழக்கும் மேற்கும் சந்தித்ததுபோல் இருந்தது. ஆனால் இரண்டும் ஒரே லீக்கைச் சேர்ந்தவை. அதற்கு மூன்று மாதம் முன்புதான் லீக் ஆட்டத்தில் சந்தித்து, ஒரிகன் 32-31 என்று வென்றிருந்தது. பாசடீனாவில் ஒஹாயோ 41-21 என்று திருப்பிக் கொடுத்தது. அது இறுதியாட்டம்கூட இல்லை, பன்னிரண்டு அணிகள் ஆடும் தேசியப் போட்டியின் காலிறுதி. தாத்தாவைக் கல்யாண வீட்டில் கார் நிறுத்துமிடம் காட்ட நிற்க வைத்ததுபோல் ஆகிவிட்டது.

பணம் மாணவர்களிடம் போனதால் இது நடக்கவில்லை. சம்பளத்துக்கு வழிவிட்ட நீதிமன்ற உடன்பாடு வருவதற்கு முன்பே, பல்கலைக்கழகத் தலைவர்களும் ஒளிபரப்பு நிறுவனங்களும் கூட்ட அறைகளில் எடுத்த முடிவு இது. மரபைக் கொன்றவர்களைத் தேடுவோர் 19 வயது ஆட்டக்காரரின் வங்கிக் கணக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அந்த ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டவர்களின் பட்டியலைப் பார்க்கலாம்.

பன்னிரண்டு பல்கலைக்கழகங்கள் இருந்த மேற்குக் கரை லீக்கில், 2024ல் பத்து கிளம்பிப் போனபின் மிஞ்சியவை இரண்டு. பெரிய நகரத்தில் இல்லாததால் எந்த லீக்கும் அழைக்காத இரண்டு. ஒன்று, 1916ல் சேற்றில் ஆடி ரோஸ் பவுலுக்கு மறுவாழ்வு கொடுத்த வாஷிங்டன் மாநிலம். மற்றது, 1942ல் யோஷிஹாராவை விட்டுவிட்டு டர்ஹம்வரை போய் வென்று வந்த ஒரிகன் மாநிலம். புதிய உறுப்பினர்கள் 2026ல்தான் வருவார்கள் என்ற நிலையில், 2025 நவம்பரில் அவை இரண்டும் தங்களுக்குள்ளேயே இரண்டு முறை ஆடிக்கொண்டன, ஒரு முறை கோர்வாலிசில், ஒரு முறை புல்மனில்.